மேடையில் அழைத்த பெயர்

எச்.ஐ.வி. ஆராய்ச்சி மையத்தில் நோயாளிகளின் மாதாந்திரக் கூட்டங்களில் அதுதான் கடைசி. நோயே ஒழிந்த பிறகு கூட்டம் எதற்கு? வாசலில் ஒரு சொட்டு ரத்தத்திலேயே உண்மைப் பெயரை அறிந்துகொண்ட இயந்திரம், குணமானவர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தது.

“செண்பகவல்லி!”

யாரும் எழவில்லை. மறுபடி அழைத்தபோதுதான் அது தன் பெயர் என்று ரோசிக்கு உறைத்தது. இங்கே எல்லாருக்கும் தாங்களாக வைத்துக்கொண்ட பெயர்தான். ரோசியாக வந்துதான் இத்தனை வருடமும் மாத்திரை வாங்கினாள், வாய்விட்டு அழுதாள். வீட்டில் அவள் செண்பகவல்லி. அங்கே நோயைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

அவள் முகம் மாறியதைப் பக்கத்திலிருந்த ஜான்சி கவனித்துவிட்டாள். “நீங்கதானாக்கா அது? போங்க, குணமாயிடுச்சுன்னு சர்டிபிகேட் தர்றாங்க.”

ரோசி அலுப்போடு சுண்டல் பொட்டலத்தை மடித்தாள்.

“செண்பகவல்லிக்கு ஒரு நாளும் சீக்கே வந்ததில்லடி. வேணும்னா எங்க வீட்டுல கேட்டுப் பாரு.”