எட்டு ஜிபி

கீர்த்திவாசன் இறந்து இரண்டு வருடமாகிறது. அவருடைய லேப்டாப்பில்தான் மனைவி ராஜப்ரியா ஆன்லைன் டியூஷன் எடுக்கிறாள். அது அடிக்கடி நின்றுபோகவே, புதிது வாங்குவதா, இதையே சரிசெய்வதா என்று கேட்க அருவங்காட்டிலிருந்து குன்னூர் கடைக்கு எடுத்துப் போனாள்.

கடைக்காரர் பின்மூடியைக் கழற்றினார்.

“புராசஸரை மாத்த முடியாதுங்க, போர்டோட ஒட்டினது. மெமரிய ஏற்கெனவே எட்டு ஜிபி ஆக்கிட்டீங்களே?”

“காலைலகூட நாலுன்னுதானுங்க காட்டுச்சு.”

கடைக்காரர் மெமரி அட்டையைக் காட்டினார். எதை மாற்றினாலும் கீர்த்திவாசன் அதன்மேல் தேதி எழுதிய சீட்டு ஒட்டுவார். அட்டையின் மேலிருந்த சீட்டில் அவருடைய அதே சாய்ந்த கையெழுத்தில் இன்றைய தேதி இருந்தது. தொட்டுப் பார்த்தாள். விரலில் மை ஒட்டியது.

“இனி நிக்காம ஓடுமுங்களா?”

“தாராளமா ஓடுமுங்க.”

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப மூடிருங்க. மூணு மணிக்கு கிளாஸ் இருக்குதுங்க.”