மேற்குச் சுவர்

"அந்த மரத்தை வெட்டினாத்தான் பக்கத்து வீடு உருப்படும்னு ரிப்போர்ட்ல எழுதிடும்மா. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

ஸ்ம்ருதி தலையாட்டினாள். ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் ஒட்டுகிறார்களே, அதுபோல எந்த வீடு எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று பார்த்து வீடுகளுக்கு ஸ்டார் போடுவது அவள் வேலை. பீர்க்கன்கரணையில் இந்தத் தெருவுக்கு அவளைக் கூப்பிட்டதே நகர் நலச்சங்கம்தான்.

ஸ்ரீநிவாசராகவன் வீட்டுக்கு நாலு ஸ்டார். தெருவிலேயே அதுதான் அதிகம். வீட்டில் ஏசியே கிடையாது.

"எல்லாம் நான் போட்ட பிளான். ஜன்னல் வெச்ச லட்சணம் அப்படி."

பக்கத்து வீட்டு ஜெயவேலுவுக்கு இரண்டே ஸ்டார். அவருடைய காம்பவுண்டுக்குள் கிழக்கு ஓரம், இரண்டு வீட்டுக்கும் நடுவே நின்ற புங்க மரம் காலை வெயிலை அவர் மொட்டை மாடியில் விழவிடவில்லை. சோலார் போட வழியில்லை.

"பதினஞ்சு வருஷமா அந்த மரத்துச் சருகை நான் பெருக்கறேன். வெட்டுங்கன்னா சிரிச்சிண்டே போயிடறார். நீ எழுதிக் குடு, ஞாயித்துக்கிழமை சங்க மீட்டிங்ல மனுவை வெச்சா மரம் காலி."

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு இப்படியா பிடிவாதம் பிடிப்பார் ஒரு மனுஷர்?

மதியம் மூன்று மணிக்கு, கடைசி வேலையாக, சூட்டைப் படம் பிடிக்கும் கேமராவைத் தூக்கினாள். சூடான இடம் சிவப்பாகத் தெரியும், குளிர்ந்த இடம் நீலமாக.

தெரு முழுக்க அடுப்புக் கங்காய்ச் சிவந்து கிடந்தது. ஸ்ரீநிவாசராகவன் வீட்டு மேற்குச் சுவருக்கு வந்ததும் கேமரா அப்படியே நின்றுவிட்டது.

சுவரை அடைத்துக்கொண்டு ஒரு நீல மரம். அடிமரமும் விரிந்த கிளைகளுமாக, ஏரித் தண்ணீர் எழுந்து நின்ற மாதிரி. அவள் முதுகுக்குப் பின்னால் புங்க மரம் காற்றில் ஆடியது. சுவரில் அதன் குளிர்ச்சி ஆடவேயில்லை.

எத்தனையோ வீடு பார்த்தவள், மூச்சு விட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டு, ரிப்போர்ட்டை நீட்டினாள்.

'ஸ்ரீநிவாசராகவன் வீடு: நான்கு ஸ்டார். பக்கத்து மரம் வெட்டப்பட்டால்: ஒன்று.'

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தார். மேஜை மேலிருந்த மனு நாலாக மடிந்து சட்டைப் பைக்குள் போயிற்று.

"ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல வேற விஷயமே நிறைய இருக்கு" என்றார்.

ஸ்ம்ருதிக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடி, ஜெயவேலுவிடம் படத்தைக் காட்டினாள்.

"உங்க மரந்தான் சார் அவங்க வீட்டைக் குளுகுளுன்னு வெச்சிருக்கு. இத்தனை வருஷம் உங்களுக்கே தெரியாம இருந்திருக்கு பாருங்க."

ஜெயவேலு அந்த நீலத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தெரியும்மா. அந்த மனை நான் வித்தது. அப்போ மேக்கால என் எடம் வெட்டவெளி. மத்தியான வெயில் மொத்தமும் அங்க கட்டற செவுத்துலதான் அடிக்கும்னு தெரிஞ்சும், வாயத் தொறக்காம வித்துட்டேன்."

கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அதான், பத்திரத்துல மை காயறதுக்குள்ள என் வேலியோரம் ஒரு கன்னு வெச்சேன்."