கடைசிக் கையடி

டாக்டர் பௌமா ஓங்கி ஓர் அறை விட்டார். ஹார்மனின் உள்ளங்கை சிவந்தது.

“பன்னெண்டு!” என்றார் டாக்டர்.

லேவார்டன் ஊர் மாட்டுச் சந்தையில் இப்படித்தான். விலையைச் சொல்லி எதிராளியின் கையில் அடிக்க வேண்டும். அவன் வேறு விலை சொல்லித் திருப்பி அடிப்பான். அடித்த கையை விடாமல் குலுக்கினால் பேரம் முடிந்தது. ஹார்மனுக்கு அதில் நாற்பது வருட அனுபவம். டாக்டரின் அப்பாவும் அங்கே மாடு விற்றவர்தான்.

இன்று பேரம் ஆயுசுக்கு. போன வருடம் ஹார்மனின் இதயக் குழாய்கள் இரண்டில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மறுபடி அடைத்திருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேன் படம் திரையில் தெரிந்தது.

“ரெண்டும் நல்லா திறந்திருக்கு, பெரியவரே. எழுதியெல்லாம் தரமாட்டேன். ஆனா பன்னெண்டு வருஷம் தாராளமா ஓடும்.”

ஹார்மன் திருப்பி அடித்தார். “மூணு.”

டாக்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “விலையக் குறைப்பாங்க. சரக்கையே குறைக்கிற வியாபாரிய இப்பத்தான் பாக்கறேன்! சரி, பத்து.”

“ரெண்டு.”

வாங்க வந்தவன் இப்படிப் பின்னால் போனால் சந்தையில் மாடுகூடச் சிரிக்கும்.

“பழக்க தோஷம் விடாதே!” என்றபடி டாக்டர் ஹார்மன் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருந்த மாத்திரை டப்பாவைத் திறந்தார். வாரத்துக்கு ஏழு கட்டம், ஏழும் காலி. “இன்னிக்குச் செவ்வாய்தானே? ஞாயிறு வரைக்கும் ஒரேயடியா முழுங்கிட்டீங்களா?”

“இந்த வாரம் நிரப்பல.”

“உங்க சம்சாரம் ஹிஸ்கா அம்மா மறக்கற ஆளில்லையே. ஞாயித்துக்கிழமையானா எண்ணிப் போட்டுடுவாங்களே! இந்த மாத்திரை நின்னா ஸ்டென்ட்ல ரத்தம் உறைஞ்சிடும். உயிருக்கே ஆபத்து, தெரியும்ல?”

“தெரியும்.”

டாக்டர் கையை நீட்டினார். “கடைசி விலை, எட்டு. குலுக்குங்க.”

ஹார்மனின் கை மடியைவிட்டு எழவில்லை.

“உங்ககிட்ட நம்மால முடியாதுப்பா. ஹிஸ்கா அம்மா கார்லதானே இருக்காங்க? கூப்பிடுங்க, அவங்ககிட்டயே பேசி முடிச்சுக்கறேன்.”

ஹார்மன் காலி டப்பாவை மூடினார்.

“வெள்ளிக்கிழமைதான் புதைச்சோம், டாக்டர்.”