முதல் கரண்டிக் குழம்பு

"இன்னைக்கு மட்டும் அந்த ஆள் வரட்டும், வாசல்லயே வழியனுப்பி வைக்கிறேன்" என்று கிழங்கு வெட்டும்போதே கறுவிக்கொண்டிருந்தாள் லூசெட்.

அந்த ஆள் ரொசேர். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கனடாவில், கெபெக் நெடுஞ்சாலையோரம் இருக்கும் கிஸ்லேனின் கடை ஜன்னல் திறந்ததும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஒரு கிண்ணம் பூட்டின் வாங்குவார். வறுத்த கிழங்கு, அதன்மேல் அன்றைக்கு எடுத்த சீஸ் கட்டிகள், அதற்கும் மேல் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு. ஒரே ஒரு வாய்தான். உடனே ஆரம்பித்துவிடுவார்.

உப்பு தூக்கல். மிளகு போதாது. மாவு வாசம் போகவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் கிஸ்லேன் ஒரு மாதம் காய்ச்சலில் படுத்து எழுந்தாளே, அதிலிருந்து இதே பாட்டுதான். அவளும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் பானையைத் திரும்ப அடுப்பில் ஏற்றுவாள். காசும் வாங்கமாட்டாள்.

கடையில் கூடமாட வேலை பார்க்கும் லூசெட்டுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓசியில் தின்றுவிட்டு நொட்டை வேறயா?

"ஏண்டி அந்த ஆளுக்கு இவ்வளவு இடம் குடுக்கிறே?" என்று கேட்டால் கிஸ்லேன் சிரித்து மழுப்பிவிடுவாள். லூசெட்டிடம் மனம்விட்டு எதையும் சொல்லவும் முடியாது. காலையில் அவள் காதில் விழுந்தது மதியத்துக்குள் ஊரைச் சுற்றிவிடும். அதை அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

அன்றைக்கு ஊர்த் திருவிழா. அதில் ஊரின் சிறந்த பூட்டினுக்கான போட்டி. பன்னிரண்டு மணிக்கு நடுவர்கள் வருவார்கள். எதிர்ச்சாரியில் புதிதாக முளைத்த உணவகம் வாத்துக்கறியெல்லாம் போட்டுப் பாதிக் கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது. இதிலும் தோற்றால் கடையை மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று கிஸ்லேன் முதல் நாளே சொல்லிவிட்டாள்.

காலையிலிருந்து அவள் ஒவ்வொரு சீஸ் பையாகப் பிரித்து ஒரு கட்டியைக் கடித்துப் பார்த்தாள். பல்லுக்கடியில் கீச்சென்று கத்தினால் புதுசு, கத்தாவிட்டால் பழசு. கண்ணை மூடிக் காதால் கேட்டாள். கிழங்கு வெந்த பதத்தையும் எண்ணெய்ச் சத்தத்திலேயே சொல்லிவிட்டாள். குழம்பை மட்டும் கிண்டிக்கொண்டே இருந்தாளே தவிர, வாயில் வைக்கவில்லை. கைப்பக்குவம் இருக்கிறவளுக்கு ருசி பார்ப்பது எதற்கு என்று லூசெட் எல்லோரிடமும் சொல்லித் திரிவாள்.

பதினொன்றரைக்கு ரொசேர் வந்தார். கிஸ்லேன் அப்போது பின்கட்டில் சீஸ் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு உங்க திருவாயைத் திறக்க வேண்டாம். கிளம்புங்க" என்றாள் லூசெட்.

"ஒரு கரண்டிக் குழம்பு மட்டும் குடும்மா. போயிடறேன்."

"போட்டி முடியட்டும், பானையோடயே தர்றேன். இப்ப நடையைக் கட்டுங்க."

அவர் பின்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார்.

விஷயம் தெரிந்ததும் கிஸ்லேனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கட்டியிருந்த ஏப்ரனோடு நட்டநடுச் சாலையில் ஓடினாள். திருவிழாவுக்கு வந்த அத்தனை பேரும் வேடிக்கை பார்க்க, ரொசேரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கரண்டியை நீட்டினாள்.

ஊதி ஊதிக் குடித்தார். "உப்பு அநியாயத்துக்குத் தூக்கல். வினிகர் போடவே மறந்துட்டியா?"

லூசெட்டுக்கு அந்தக் கரண்டியாலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது. நாள் கிழமை தெரியாத மனுஷன்! கிஸ்லேனோ எலும்புச் சாறு ஊற்றி, வினிகர் விட்டு, மறுபடியும் நீட்டினாள். மிளகு இன்னும் கொஞ்சம் என்றார். மூன்றாவது கரண்டிக்கு அவர் வாயே திறக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

நடுவர்கள் வந்தார்கள். முதல் வாயிலேயே சீஸ் கீச்சென்று கத்தியது. ஒருவர் பேச்சை நிறுத்தினார். இன்னொருவர் கிண்ணத்தின் அடியை ரொட்டியால் வழித்தார். எதையும் பாதிக்குமேல் தொடாத மூன்றாமவர், எழுந்து வந்து இன்னொரு கிண்ணம் கேட்டார்.

அப்புறம் என்ன? ஊரின் முதல் பூட்டின் என்ற பலகையை ஜன்னலுக்கு மேல் ஆணியடித்து மாட்டினார்கள். எதிர்ச்சாரிக் கூட்டம் சாலையைத் தாண்டி வந்தது. வாத்துக்கறிக்காரரே தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். கிஸ்லேன் சிரித்துக்கொண்டே அழுதாள்.

கூட்டம் ஓய்ந்ததும் லூசெட் மூன்று கோப்பைக் காப்பி போட்டாள். போனால் போகிறதென்று ஒன்றை ரொசேரிடம் கொடுத்தாள்.

கிஸ்லேன் மடமடவென்று குடித்துமுடித்தாள். "இன்னைக்குத்தான்டி உருப்படியா காப்பி போட்டிருக்கே. சர்க்கரை அளவா இருக்கு."

லூசெட் தன் கோப்பையில் வாய் வைத்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில் கை தடுமாறி, சர்க்கரைக்குப் பதில் கரண்டி கரண்டியாக உப்பை அள்ளிப் போட்டிருக்கிறாள்.

கிஸ்லேனின் காலிக் கோப்பையைப் பார்த்தாள். காய்ச்சலுக்கு முன்னால் கரண்டியை நக்கிப் பார்க்காமல் பானையை இறக்கமாட்டாளே இவள்! அந்தக் காய்ச்சல் நாக்கின் ருசியையே கொண்டுபோய்விட்டதா?

திரும்பி ரொசேரைப் பார்த்தாள். ஒரு கல் உப்பு கூடினாலும் பொறுக்காத மனுஷர், அந்தக் காப்பியை முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்று வழக்கம்போல் குறை சொல்லிக் கோப்பையை வைத்தார்.

"ஆமா, தூக்கல்தான்" என்ற லூசெட், தன் கோப்பையையும் ஒரே மூச்சில் குடித்துமுடித்தாள்.