எந்த வாட்ச்சுக்கும் சேராத கருவி

பழைய வாட்ச் கருவிகளைச் சேகரிக்கும் ஆல்பர்ட், கமலவேணியின் வீட்டில் அவள் அப்பாவின் வாட்ச் ரிப்பேர் பெட்டியை வாங்க வந்து, அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து இது முள் கழற்ற, இது கண்ணாடி பொருத்த என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியாக வளையம் போல ஒரு சின்னப் பித்தளைப் பிடி. உள்ளே மூன்று பற்கள், மேலே ஒரு திருகு.

"இது எந்த வாட்ச்சுக்கும் சேராதே. உங்க அப்பாதான் சொல்லணும்."

"வாதம் வந்ததுலேர்ந்து அவருக்குப் பேச்சில்ல சார்," என்றாள் கமலவேணி. "அவர் வாட்ச்சைத் திறந்து வச்சிருக்கறப்ப நான் தும்முனா திருகெல்லாம் பறந்துடும். அதுக்காக அவரே செஞ்சது." சுண்டுவிரலைப் பிடிக்குள் நுழைத்தாள். விரலில் இருந்த மூன்று பழைய தழும்புகள்மேல் மூன்று பற்களும் சரியாக உட்கார்ந்தன.

ஆல்பர்ட் பெட்டியை அவசரமாக மூடினார். "இதையும் எடுத்துக்கிட்டுப் போயிடவா?"

"இல்ல சார். இது இங்கயே இருக்கட்டும்."

கட்டிலில் கிடந்த அப்பாவின் அசைகிற ஒரே கை, மெல்லப் போர்வைக்குள் போனது.