பொருந்தாத சேணம்

"தோள்ல இறுக்குது. பிரிச்சிரு முனியசாமி" என்றார் தேவாசீர்வாதம்.

முனியசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரிப்பது இது முதல் தடவையா என்ன? சாத்தூர் ஜட்காக்காரர் அத்தனை பேருக்கும் தைத்துக் கொடுக்கிறவன் அவன். ஒரு குதிரையும் குறை சொன்னதில்லை.

இது வண்டிக் குதிரை இல்லை. காரியாபட்டிப் பக்கம் நூறு ஏக்கர் கரிசல் வைத்திருந்த பண்ணையார் கருத்தப்பாண்டி ஆசைப்பட்டு வாங்கிய சவாரிக் குதிரை. பெயர் சிட்டு. நாலு வயது நிரம்பவில்லை. அதைப் பழக்க வந்தவர் தேவாசீர்வாதம். குதிரைப் பட்டாளத்தில் சவாரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். குதிரை படிந்து, சேணமும் பொருந்திவிட்டால் கிளம்பிவிட வேண்டும். அதுவரை பண்ணை வீட்டில் சாப்பாடு, படுக்கை. அதுதான் பேச்சு.

முதலில் பாட்டனார் காலத்து வெள்ளிக்குமிழ்ச் சேணத்தைப் போட்டுப் பார்த்தார்கள். குறுகல். மதுரையில் ஏலத்தில் எடுத்த வெள்ளைக்காரர் சேணம் ரொம்ப அகலம். நடு எலும்பில் போய் உட்கார்ந்தது. பிறகுதான் முனியசாமியைக் கூப்பிட்டுப் புதிதாகத் தைக்கச் சொன்னது. ஆடியில் அச்சாகப் பொருந்தியது. ஆவணியில் இறுக்கியது. அடித்திண்டைப் பிரித்து, உள்ளே அடைத்த ஆட்டு ரோமத்தைக் குறைத்துத் தைத்தான். இதோ ஐப்பசியில் மறுபடியும் இறுக்குகிறதாம்.

"வளர்ற குதிரை. முதுகு மாறும்" என்பார் தேவாசீர்வாதம். அதற்கு மேல் பேச மாட்டார்.

அவர் பேசாததை ஊர் பேசியது. பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் செல்லச்சாமி கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னது முனியசாமி காதிலும் விழுந்தது.

"பொருந்திட்டா சோறு நின்னு போகும்ல. அந்தாளு எப்படிப் பொருந்த விடுவாரு?"

சாத்தூரில் பழி வேறு மாதிரி வந்தது. இந்தத் தை பிறக்குமுன்னாவது அந்தக் குதிரைக்குத் தைத்து முடிப்பானா என்று ஜட்காக்காரர்கள் கேட்டுச் சிரித்தார்கள்.

கார்த்திகையில், தைத்த சேணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினான். பண்ணையாரிடம் நேராகவே சொல்லிவிடுவது என்று தீர்மானம்.

லாயத்தில் பண்ணையாரே நின்றிருந்தார். குதிரைக்காரன் வைத்துவிட்டுப் போன தீனி தொட்டியில் பாதி கிடந்தது. அதன் மேலேயே, ஊறிய கொள்ளை ஒரு வாளி நிறையக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, பட்டாளத்தய்யா உங்களை ஏமாத்துறாரு. சோத்துக்காக வேலையை இழுக்குறாரு. ஊரே சொல்லுது."

பண்ணையார் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மெதுவாப் பேசுலே. ஏமாத்துறது அவரு இல்லை, நான்."

முனியசாமி வாளியைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். அகன்று கிடந்த குதிரையின் முதுகைப் பார்த்தான்.

"எதுக்கு மொதலாளி?"

"பொருந்துன அன்னைக்கே பெட்டியைத் தூக்கிருவாரு. எங்க போவாரு? பொண்டாட்டி பிள்ளைன்னு ஒருத்தரும் இல்லை. சும்மா இங்கன இருங்கன்னா இருக்குற ஆளா அவரு?"

வெளியே மூச்சு விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் குதிரையை ஊர்ப் பொட்டலுக்குக் கொண்டுவந்தார்கள். சேணம் போடுமுன் முதுகு சூடாக வேண்டும் என்று தேவாசீர்வாதம் வெறும் கம்பளியை விரித்து ஏறினார். முனியசாமி அதுவரை அவர் ஏறிப் பார்த்ததில்லை.

கையில் சாட்டை இல்லை. வாயில் சத்தம் இல்லை. கடிவாளம் கூடத் தொய்ந்துதான் கிடந்தது. சிட்டு காலுக்கு மேல் கால் மாற்றி வைத்து, பக்கவாட்டில் நடந்தது. பொட்டலின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை, கோடு போட்ட மாதிரி. அப்புறம் நின்றது. நின்ற இடத்திலேயே ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. அவர் என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் நினைத்தார், அது செய்தது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

களை வெட்டப் போன பெண்கள் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். பஞ்சம்மாள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முனியசாமிக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

இறங்கி வந்தவர் சேணத்தை ஏற்றி, அதன் அடியில் கையை விட்டார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். அந்தக் கைக்கு எலும்பு தெரிந்தது, தசை தெரிந்தது. நேற்று இல்லாமல் இன்று வந்தது என்ன என்றுகூடத் தெரியும் போலிருந்தது.

"விரல் போகலை. இன்னும் கொஞ்சம் குறைக்கணும்" என்றார்.

முனியசாமிக்கு வாய் நிற்கவில்லை.

"ஐயா, இம்புட்டுத் தெரிஞ்ச உங்களுக்கு, இது வளர்த்தியா தீனியான்னு தெரியாதாக்கும்?"

தேவாசீர்வாதம் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார்.

"தெரியும். கொள்ளு கொட்டுறது யாருன்னும் தெரியும்."

"தெரிஞ்சுமா பிரிக்கச் சொல்றீக? ஊருல உங்களை என்ன பேசுறாகன்னு..."

"பேசட்டும்" என்றார். பண்ணை வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவரு சம்சாரம் போய் வருசம் ஒண்ணாச்சு. மகன் சிவகாசியில கம்பெனி, சீசன்னு அங்கனயே கிடக்கான். நானும் கிளம்பிட்டா, அம்புட்டுப் பெரிய வீட்டுல அந்த மனுசன் யாரோட உக்காந்து சாப்பிடுவாரு?"