ஊமைப் படத்து அலறல்

"அலறும்மா! வாய்க்கு வந்ததைக் கத்து. படத்துல ஒரு சத்தமும் கேட்கப் போறதில்லை. 'காப்பாற்றுங்கள்'னு எழுத்துல போட்டுக்கறேன்!" தகரக் குழாய் வழியாகக் கத்தினார் டைரக்டர் ஹாஸ்கெல்.

நிஜ கார்னிவல் ஒன்றின் கூடாரங்களுக்கு நடுவே படப்பிடிப்பு. வில்லன் காய்ல், கதாநாயகி லியோனோராவின் கையை முறுக்கினான். நடிப்பு அல்ல, நிஜமாகவே. மணிக்கட்டு கன்றிப் போயிருந்தது.

"சார், கை உடைஞ்சிடும். அவர்கிட்ட கொஞ்சம் சொல்லுங்களேன்."

"நிஜக் கண்ணீர்தான் அழகு. முடியலைன்னா சொல்லிடு, வேற பொண்ணைப் போட்டுக்கறேன்."

வேடிக்கை பார்த்த கும்பலிலிருந்து தாடிக்காரி டல்சி ஈரத்துணியோடு ஓடி வந்தாள். அவள் தாடியைப் பார்க்கவே கார்னிவலில் தனி டிக்கெட்.

"கையில சுத்திக்கோ, கண்ணு."

லியோனோரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பாஸ்டன் சீமாட்டிக்குத் தாடியைக் கண்டா குமட்டுது போல!" காய்ல் சிரித்தான்.

காமிரா மறுபடி சுழன்றது. காய்ல் இன்னும் பலமாக முறுக்கினான். எலும்பு நெரிந்தது.

"ஹே ரூப்!" என்று அலறினாள் லியோனோரா.

அடுத்த நொடி கூடாரங்கள் காலி. ராட்டினக்காரன், கத்தி வீசுகிறவன், நெருப்பு தின்னுகிறவன் எல்லோரும் சம்மட்டியும் முளைக்கம்புமாகப் பாய்ந்தார்கள். காய்ல் சேற்றில் குப்புறக் கிடந்தான்.

"அபாரம்! நிறுத்தாதே, சுத்து!" ஹாஸ்கெல் குதித்தார்.

கார்னிவல் முதலாளி ஓட் அவர் முன்னால் வந்து நின்றார். "இது சினிமா இல்ல சார். 'ஹே ரூப்'ங்கறது எங்க ஆளை வெளியாள் அடிச்சா உதவிக்கு நாங்க போடற கூப்பாடு. வெளியாருக்குச் சொல்லித் தர மாட்டோம். யார் இந்தப் பொண்ணு?"

"பாஸ்டன்ல பெரிய இடத்துப் பொண்ணுய்யா! பத்திரிகையெல்லாம் அப்படித்தான் எழுதியிருக்கு." ஹாஸ்கெலின் குரல் தணிந்தது. "அது பொய்யா இருந்தா, இதோட இவ சினிமா முடிஞ்சுது."

எல்லாக் கண்களும் லியோனோராவின் மேல். டல்சி அவசரமாகக் குறுக்கே புகுந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சு இவ எந்தக் கூடாரத்துலயும் இருந்ததில்ல சார். எங்கேயோ காதுல விழுந்திருக்கும், வலியில கத்திடுச்சு. விடுங்க, பாவம்."

"அப்படிச் சொல்லு!" ஹாஸ்கெலுக்கு மூச்சு வந்தது.

லியோனோரா மெல்ல நடந்து வந்தாள். பவுடர் கலைவதைப் பற்றிக் கவலைப்படாமல் அந்தத் தாடியில் முகம் புதைத்தாள்.

"பெத்தவளே தெரியாதுன்னு சொன்னா, நான் எங்கம்மா போவேன்?"